டெக்கை முதலில் பார், மாப்பிள்ளை

செங்கோட்டை
ஆனி 20

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. அத்தைக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே சாரல் பிடித்துவிட்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வருகிற காற்று ராத்திரி முழுக்க ஓட்டுக்கூரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. உங்கள் புனலூர்ப் பக்கம் மழை இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.

மாமாவின் டிரங்குப் பெட்டியில் 17 வீடியோ கேசட் இருக்கிறது, டிவிடிக்கு மாற்ற எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதில் ஒன்றின் மேல் மாமா கையெழுத்தில் ‘புனலூர் வண்டி’ என்று எழுதியிருக்கிறது என்றாயே, அதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மீட்டர் கேஜ் வண்டியை 2010 செப்டம்பரில் நிறுத்தினார்கள். அகலப் பாதையில் மறுபடி முழு தூரமும் ரயில் ஓட 2018 ஆகிவிட்டது. கழுதுருட்டியில் பதிமூன்று கண்ணறைப் பாலம், பதிமூன்று வளைவு வைத்துக் கட்டிய அந்த ரயில் பாலம், அப்படியே நிற்கிறது. ஆனால் 1904-இலிருந்து ஓடிய அந்தச் சின்ன வண்டி இனி வராது. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு குகை வரும்போதும் மாமா சத்தமாக எண்ணுவார், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குரல் அதில் இருக்கும். அத்தை அதைக் கேட்க வேண்டும்.

உன் கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: கையில் இருக்கிற காசை முதலில் டெக்குக்கு, அதாவது கேசட்டைப் போட்டு ஓட்டுகிற விசிஆருக்கு, செலவு செய். டெக்கிலிருந்து வருகிற படத்தை ஃபைலாக மாற்ற கம்ப்யூட்டரில் சொருகுகிற கருவியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். டேப்பிலிருந்து படத்தை எடுப்பது டெக். அது தப்பாக எடுத்துவிட்டால் பின்னால் எதை வைத்தும் சரி செய்ய முடியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தங்கச்சி கல்யாணக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்திருந்தேன். வாங்கி வந்து போட்டுப் பார்த்தால், தாலி கட்டுகிற நேரத்தில் வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். மூன்று மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் நெருக்கி ஏற்றியிருந்ததால் முகங்களெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். அன்றைக்குத்தான் நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

சத்தம் ஏன் விலகியது என்று அப்புறம் புரிந்தது. பழைய டேப் ஓடும்போது வேகம் மிக நுணுக்கமாகக் கூடும், குறையும். நம் பழைய டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் பொறுக்காது, அங்கங்கே ஒரு பிரேமை, அதாவது ஒரு தனிப் படத்தை, விட்டுவிடும். சத்தம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். விட்டுப்போன பிரேம்கள் சேரச் சேர இரண்டும் பிரிந்துவிடும். இந்தத் தடுமாற்றத்தைச் சரிப்படுத்தும் சர்க்யூட்டுக்கு டைம் பேஸ் கரெக்டர் என்று பெயர். ஜேவிசி, பானசோனிக் கம்பெனிகளின் எஸ்-விஎச்எஸ் என்கிற உயர்ரக டெக்குகள் சிலவற்றில் அது உள்ளேயே உண்டு. அது கிடைக்காவிட்டால், பானசோனிக்கின் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வைத்துப் பார். அவற்றில் சில மாடல்கள் ஆடுகிற படத்தை நிறுத்தித் தருகின்றன. என்னுடையது அப்படித்தான் ஓடுகிறது.

புது டெக் எங்கேயும் கிடைக்காது. உலகத்திலேயே கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனி ஃபூனாய், அதுவும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அதனால் பழசுதான். கல்ஃபிலிருந்து வந்த டெக்குகள் இன்னும் நிறைய வீட்டுப் பரணில் கிடக்கின்றன, விசாரித்துப் பார். வாங்கும் முன் உனக்கு வேண்டாத ஒரு கேசட்டைப் போட்டு, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிடு. ரப்பர் இறுகிப்போன டெக் டேப்பைக் கடித்துவிடும்.

அடுத்து பூஞ்சை. கேசட்டின் மூடியைத் தூக்கி டேப்பின் விளிம்பைப் பார். வெள்ளையாக மாவு பூத்த மாதிரி இருந்தால் அதை டெக்கில் போடவே போடாதே. டேப்பைப் படிக்கிற ஹெட் பொருந்திய உருளை, ஹெட் டிரம், நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுற்றுகிறது. பூஞ்சை அதில் ஒட்டிக்கொண்டால் அந்தக் கேசட்டும் போகும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்து வை, இரண்டு பேரும் சேர்ந்து சுத்தம் செய்வோம். மற்றவற்றை ஓட்டுவதற்கு முன் கடைசிவரை ஒரு தடவை சுற்றி, திருப்பிச் சுற்றிவிடு. வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த டேப் தளர்ந்து கொடுக்கும். கேசட் முதுகில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிடு, தவறிப்போய் மேலே பதிவாகாது. ஹெட்டைத் துடைக்கப் பஞ்சு வேண்டாம், நூல் சிக்கும். வெள்ளைத் தாளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும்.

சொருகுகிற கருவியில் ரொம்ப மலிவானது வேண்டாம், படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வாங்குகிற எஸ்-வீடியோ துளை இருப்பதாகப் பார்த்து வாங்கு. ஹெச்டி-யாக்கித் தருகிறேன் என்று விற்கிற பெட்டிகளுக்குக் காசு கொடுக்காதே. விஎச்எஸ் என்கிற நம் பெரிய கேசட்டில் குறுக்கே ஏறக்குறைய 240 கோட்டுக் கூர்மைதான் இருக்கிறது. நம் ஊர் பழைய டிவி முறையான பால் (PAL), 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 பிரேம், அது போதும். அத்தை ரிமோட்டை வைத்துத் தானே போட்டுப் பார்க்க டிஸ்க்தான் வசதி என்றாய், நியாயம்தான். ஒரு டிஸ்க்கில் 4.7 ஜிபி. ஒரு மணி நேரம் ஏற்றினால் படம் நன்றாக இருக்கும், இரண்டு மணி வரை பார்க்கலாம், அதற்கு மேல் போகாதே. எழுதுவதற்கு முன் ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள். டிஸ்க்கும் பூஞ்சைக்குத் தப்பாது.

இன்னொன்றைக் கேட்க மறந்துவிட்டேன். ‘புனலூர் வண்டி’ பெரிய கேசட்டா? சித்தப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த கேமராவில் உள்ளங்கை அளவுச் சின்னக் கேசட்தானே போடுவார்கள்? அப்படியானால் உன்னிடம் இருப்பது நகல். ஒரிஜினல் 8 எம்எம் கேசட் கிடைத்தால் படம் இதைவிட எவ்வளவோ தெளிவாக இருக்கும். அதை ஓட்ட அந்தக் கேமராவே வேண்டும், இல்லையென்றால் சோனியின் டிஜிட்டல்8 கேமரா. அதிலும் எல்லா மாடலும் பழைய கேசட்டை ஓட்டாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேமராவை நான் தேடுகிறேன். நீ கேசட்டைத் தேடு. அத்தையிடம் கேள், தையல் மெஷின் இழுப்பறையில் மாமா பேட்டரியும் சார்ஜரும் வைத்திருந்தாரே, அங்கே இருக்கலாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். கேசட் கிடைத்ததும் அன்றைக்கே போன் போடு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்