துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்ததும்...

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் நிபோங் திபால் பக்கம் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிப் போடுவது புதிதல்ல. அதற்காகப் போலீசில் லைசென்ஸ் எடுத்து ஷாட்கன் வைத்திருப்பவர்களும் உண்டு. என் மாமாவுக்குப் போன வருடம்தான் கிடைத்தது. முதல் வாரமே, தோட்டா போட்ட துப்பாக்கியை மோட்டார் சைக்கிளில் சாய்த்து வைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், குழல் நேராக என் முழங்காலைப் பார்த்தபடி! கேட்டால், "லாக் போட்டிருக்கேன்டா" என்கிறார். லாக்கும் ஓர் இயந்திரம்தானே, மாமா?

துப்பாக்கியைக் கையில் எடுத்தாலே குழலை மடக்கித் திறந்து, உள்ளே காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும், அடுத்தவர் பார்த்துக் கொடுத்திருந்தாலும் சரி. சுடும் நொடி வரை விரல் விசைமேல் போகக்கூடாது. வாய்க்காலைத் தாண்டுமுன் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். இருட்டில் புதர் அசைந்தால் அது பன்றியாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது? ரப்பர் பால்வெட்டுக்குக் கிளம்பிய ஆளாகவும் இருக்கலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 'போர்' (bore) என்பது குழலின் உள்ளளவு; எண் கூடினால் குழலும் தோட்டாவும் சிறியவை. 12 போர் துப்பாக்கியில் தவறி 20 போர் தோட்டாவைப் போட்டால் அது உள்ளே நழுவிக் குழலில் சிக்கிக்கொள்ளும். திறந்து பார்த்தால் காலி மாதிரி தெரியும், மேலே 12 போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடித்துவிடும். 20 போர் தோட்டா பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வருவதே இதனால்தான்.

அப்புறம், வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். மாமா இப்போது சாவியை அத்தையிடம் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நிபோங் திபால், பினாங்கு