விதியில் இல்லாத சேர்வரில் நடந்த போட்டியும் இடையில் நின்ற வகுப்பும்: புகார்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

முகாமையாளர்,
போட்டி ஏற்பாட்டுப் பிரிவு.

ஐயா,

உங்கள் நிறுவனம் நடத்திய இணையவழி கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 (ஐவருக்கு ஐவர் மோதும் துப்பாக்கி விளையாட்டு) சுற்றுப்போட்டியில் விளையாடிய யாழ்ப்பாண அணியொன்றின் தலைவன் நான். ஆளுக்கு 1,500 ரூபாவாக ஐந்து பேரும் சேர்ந்து 7,500 ரூபா கட்டினோம். தொடக்கநிலை கேம் புரோகிராமிங் வகுப்புகள் ஆறும் அந்தக் காசுக்குள் அடக்கம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள்.

போட்டியன்று கரண்ட் நின்றாலும் விளையாட்டு நிற்கக்கூடாது என்று, ஜெனரேற்றர் உள்ள இடமாகத் தேடி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஐந்து கணினிகளை அரை நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். சாவகச்சேரியிலிருந்து வரும் தம்பி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தான். விளையாட்டை நடத்தும் மையக் கணினிதான் சேர்வர். நாங்கள் பயிற்சி எடுத்ததெல்லாம் மும்பை சேர்வரில்தான், பிங், அதாவது தகவல் சேர்வருக்குப் போய்வரும் நேரம், அறுபது மில்லிசெக்கனைச் சுற்றியே நிற்கும். சேர்வர் மும்பை அல்லது சிங்கப்பூர், வேறு இடமென்றால் இரண்டு தலைவர்களும் சம்மதிக்க வேண்டும் என்பது உங்கள் விதி. ஆனால் லொபி, அதாவது ஆட்டத்துக்கு முன் இரு அணியும் கூடும் பக்கம், திறந்தபோது இருந்தது ஃபிராங்ஃபர்ட். எதிரணி ஜெர்மனியில் இருந்து விளையாடியது. நான் சம்மதிக்கவில்லை. டிஸ்கோர்ட் அரட்டைச் செயலியில் நடுவருக்கு மூன்று தரம் எழுதினேன். "தொடங்குங்கோ, பிறகு பாப்பம்" என்றார். எங்கள் ஐந்து பேருக்கும் பிங் 190க்கு மேல், அவர்களுக்கு இருபதுக்குள். 13க்கு 4 என்று தோற்றோம்.

தோல்வி எங்களுக்குப் புதிதல்ல. நான் முறையிட்டபோது நீங்கள் அனுப்பிய பதில்தான் இன்றுவரை மனதை அறுக்கிறது. "உங்கள் பகுதியின் இணைய இணைப்புத் தரம் குறைவு, அதற்கு ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல" என்று எழுதி, வேகப் பரிசோதனைப் படமும் கேட்டீர்கள். 100 எம்பிபிஎஸ் காட்டிய படத்தை அன்றே அனுப்பினேன். அதன்பின் சத்தமே இல்லை.

அந்தப் பதில் ஏன் பிழை என்பதை விளங்கிக்கொள்ள வழி திறந்ததே உங்கள் வகுப்புத்தான். இரண்டாம் வகுப்பில் ஆசிரியர் கொடோட் என்ற கேம் செய்யும் மென்பொருளில் பந்தை நகர்த்தக் காட்டினார். ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், இத்தனை பிக்சல் என்று எழுதினால் வேகமான கணினியில் பந்து பறக்கும், பழைய கணினியில் ஊரும். அதனால் கழிந்த நேரத்தை, அதாவது டெல்டாவை, வேகத்தோடு பெருக்க வேண்டும் என்றார். அருமையாகப் படிப்பித்தார், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த இரண்டோடு வகுப்பு நின்றுபோனது. ஏன் என்று ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

மிச்சத்தை கொடோட்டின் கையேட்டைப் பார்த்து நானே படித்தேன். இரண்டு மட்டை, ஒரு பந்து, வீட்டு வைஃபையில் இரண்டு மடிக்கணினி. தங்கச்சி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பிறகு அவள் பக்கத்துக்கு மட்டும் 200 மில்லிசெக்கன் தாமதம் சேர்த்தேன். செக்கனுக்கு 60 ஃபிரேம் என்றால் அது 12 ஃபிரேம். அவள் சரியான நேரத்துக்குத்தான் விசையை அழுத்தினாள். மட்டை அசைவதற்குள் பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. "அண்ணா, நான் அமத்தினனான்!" என்று அழுமாப்போல சொன்னாள். அன்று திருநெல்வேலியில் எங்கள் ஆட்கள் சொன்னதும் இதே சொல்தான்.

வேகம் வேறு, தாமதம் வேறு. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். ஃபிராங்ஃபர்ட் இங்கிருந்து ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர். கேபிளை நேர்கோட்டில் போட்டாலும் போய்வர 80 மில்லிசெக்கன் வேண்டும், உண்மையில் அது கடலைச் சுற்றித்தான் வருகிறது. எந்தப் பக்கேஜ் எடுத்தாலும் இது குறையாது. எங்கள் அணியின் பலம் மூலையில் காத்து நின்று தடுப்பது. மூலையைத் தாண்டிப் பாய்பவரின் அசைவு மற்றவரின் திரைக்குப் பிந்தித்தான் வரும், அதனால் காத்து நிற்பவர் தன்னைக் காணுமுன் அவரைக் கண்டுவிடுவார், பிங் கூடக்கூட அந்த முந்தலும் கூடும். நாங்கள் பாயும்போது அதே நன்மை எங்களுக்கும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் முதல் 12 சுற்றும் நாங்கள் தடுத்த பக்கம்.

போட்டியைத் திரும்ப நடத்தச் சொல்லிக் கேட்கவில்லை, பரிசும் கொடுத்து முடிந்துவிட்டது. அன்றைய சேர்வர் எது, அதை மாற்றியவர் யார் என்பதைப் பதிவோடு எழுத்தில் தாருங்கள். "உங்கள் பகுதி" என்று எழுதியதை மீளப் பெறுங்கள். என் அணியில் இரண்டு பேர் அதை வாசித்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் இருந்து இனி விளையாடிப் பயனில்லை என்று விலகிவிட்டார்கள். அவர்களுக்குக் காட்ட எனக்கு அந்தக் கடிதம் வேண்டும். மீதி நான்கு வகுப்புகளையும் அதே ஆசிரியரைக் கொண்டு நடத்துங்கள், முடியாவிட்டால் அதற்குரிய காசைத் திருப்பித் தாருங்கள்.

பணம் கட்டிய பற்றுச்சீட்டு, லொபியின் திரைப்பிடிப்புகள், நடுவருக்கு எழுதிய மூன்று செய்திகள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
அணித்தலைவர்