எந்தத் தாம்சன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் பக்கத்தில் காற்றைத் திரவமாக்கும் விதத்தை நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். ஆனால் அழுத்தத்தில் இருக்கும் வாயு சிறு துளை வழியே விரியும்போது குளிர்வதைச் சொல்லும் ஜூல்-தாம்சன் விளைவுக்குப் பக்கத்தில் ஜே.ஜே. தாம்சன் படம்! ஜூலும் தாம்சனும் அந்தச் சோதனையில் இறங்கியது 1852இல். ஜே.ஜே. பிறந்ததே 1856 டிசம்பரில்தான்.

அங்கே இருந்திருக்க வேண்டியவர் வில்லியம் தாம்சன். பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், கிளாஸ்கோவில் 53 ஆண்டுகள் பேராசிரியர். 1892இல் பிரபுப் பட்டம் கிடைத்தபோது பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டார். பாதிக் குழப்பம் அதில்தான். வெப்பநிலைப் பாடத்தில் கெல்வினாக வருபவர், வாயுக்கள் பாடத்தில் தாம்சனாகிவிடுகிறார். ரம்ஃபோர்டு பிரபு கதையும் இதேதான். பீரங்கி குடையும்போது சூடு எப்படிப் பிறக்கிறது என்று 1798இல் எழுதிய அவரது இயற்பெயர் பெஞ்சமின் தாம்ப்சன். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு 'பி' கூடுதல்; தமிழில் பல நேரம் அதையும் விழுங்கிவிடுகிறோம்.

அப்பா, மகன் விஷயம் இன்னும் சுவையானது. 1897இல் எலக்ட்ரானைத் துகளாகக் கண்டுபிடித்தவர் ஜே.ஜே.; 1906இல் நோபல் பரிசு. மகன் ஜி.பி. தாம்சன் அபர்டீனில் மெல்லிய உலோகப் படலத்தின் வழியே எலக்ட்ரான்களைச் செலுத்தி, அவை அலைபோலவும் நடந்துகொள்வதைக் காட்டினார். இதையே தனியாகக் காட்டிய அமெரிக்க இயற்பியலாளர் டேவிசனோடு 1937இல் அவருக்கும் நோபல். "அப்பா சொன்னது தப்புன்னு மகனே நிரூபிச்சிட்டாரா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். ரெண்டும் சரிதான்டா என்று விளக்க ஆரம்பித்தேன், மணி அடித்துவிட்டது.

'ஜே' அப்பா பெயரா என்றும் கேட்பார்கள். நம் ஊர் இனிஷியல் மாதிரி அல்ல, ஜோசப் ஜான் இரண்டும் அவர் பெயரேதான். மகனுடைய ஜி.பி.தான் தாத்தாவிடமிருந்து வந்தது, அதுவும் அம்மாவின் அப்பா ஜார்ஜ் பேஜட்டிடமிருந்து.

வருகைப் பதிவேட்டில் மூன்று முருகன் இருந்தால் இனிஷியல் இல்லாமல் கூப்பிட முடியுமா? விஞ்ஞானிகளுக்கும் முதல்முறை வரும்போது முழுப் பெயரைப் போடுங்கள். திருத்தம் வெளியிடும்போது படத்தையும் மாற்றுங்கள். அடையாளம் எளிது: முழுத் தாடி வைத்திருப்பவர் வில்லியம், மீசையும் கண்ணாடியுமாக இருப்பவர் ஜே.ஜே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தென்காசி