எங்கள் ஊர்க் கிணறுகளைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், பக்கத்து ஊர்களிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

சாயக்கழிவின் உப்பால் கெட்டுப்போயிருந்த கிழக்கு வீதிக் குடிநீர்ப் போரிலிருந்து (ஆழ்துளைக் கிணற்றிலிருந்து) மறுபடியும் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றலாம் என்ற ஆய்வு முடிவு சென்ற வாரம் கைக்கு வந்தது. அதைப் பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு வந்து இந்த மடலை எழுதுகிறேன். நீர்ப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் என்ற முறையில், இந்த ஊர் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை எழுதி வைப்பது என் கடமை.

முதல் நன்றி வாய்க்கால் மேட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு. குழாய்த் தண்ணீரில் நிறமோ வாடையோ தெரியாத நாளிலேயே, "பருப்பு வேகவே மாட்டேங்குதுங்க, சோப்பும் நுரைக்கறதில்லீங்க, தண்ணிக்கு என்னமோ ஆயிருச்சு" என்று அவர் வந்து சொன்னார். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் உப்பு ஏறுவது நம் பக்கத்தில் வழக்கம்தானே என்று இரண்டு முறை நாங்களே அவரைத் திருப்பி அனுப்பினோம். மூன்றாம் முறை ஐப்பசி மழை பெய்து கிணறுகள் ஏறிக் கிடந்தபோது வந்து, இப்போதும் உப்பு குறையவில்லையே, ஏன் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. முதல் முறையே அவர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் சில தோட்டங்களாவது தப்பியிருக்கும். அதற்காக அவரிடம் ஊரறிய மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் நன்றி. சனிக்கிழமைதோறும் கிணறு கிணறாகச் சென்று, மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி நிரப்பி, கரைந்த உப்பின் அளவைக் குறித்த நோட்டுதான் பின்னால் எல்லா இடத்திலும் எங்களுக்குச் சாட்சியாக நின்றது. குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நம் பாறை நிலத்துக் கிணறுகளில் பல இயல்பாகவே முதல் அளவைத் தாண்டியவை என்பதால், ஒருநாள் அளவைக் காட்டி யாரையும் நம்ப வைக்க முடியாது. வாராவாரம், அதுவும் ஒரே திசையில் இருக்கும் கிணறுகளில் மட்டும், உப்பு ஏறிக்கொண்டே போனதை அந்த நோட்டு காட்டியது.

அது எந்தத் திசை என்பதைச் சொன்னவர் கிணறு வெட்டும் பெரியவர். எங்கள் மண்ணுக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மேலே உள்ள சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் தங்கும். ஒரு தோட்டத்துக் கிணறு கெட்டுப்போக, அடுத்த தோட்டத்துக் கிணறு நன்றாக இருப்பதற்கும் அதுவே காரணம். முப்பது வருடத்துக்கு முன் தாம் வெடி வைத்த கிணறுகளில் ஊற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை ஒவ்வொன்றாக நினைவு கூர்ந்து, கைத்தடியால் மண்ணில் கோடு இழுத்துக் காட்டினார். அந்தக் கோடு போய் முடிந்த இடத்தில், தண்ணீர் வற்றிக் கைவிடப்பட்ட போர் ஒன்று இருந்தது. சாயக்கழிவை இரவில் டேங்கர் லாரியில் கொண்டுவந்து அதற்குள் இறக்கியிருக்கிறார்கள்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு ஏராளமாகத் தேவை என்பதையும், கழிவிலிருந்து நிறத்தை எடுப்பதைவிட உப்பைப் பிரிப்பதற்கே செலவு அதிகம் என்பதையும் எங்களுக்கு விளக்கியவர் ஒரு சாயப்பட்டறை உரிமையாளர்தான். கழிவு முழுவதையும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிற அவரைப் போன்றவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். தொழிலையே பழிக்காமல் தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க அவர் வரவு உதவியது.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகள் இரண்டு முறை வந்து எங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியதையும், கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டதையும், அது நிறைவேறாததால் 2011 ஜனவரி 28இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் அவர்கள் வாயால் கேட்டபோதுதான், காகிதங்களைப் பத்திரப்படுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று எங்களுக்கு உறைத்தது.

அந்தக் காகிதங்களை வாங்கிக்கொண்டு, கட்டணம் எதுவும் வாங்காமல் மனு எழுதித் தந்த வழக்கறிஞருக்கு நன்றி. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஓடையில் மட்டுமல்ல, கிணற்றில் கழிவு விடுவதையும் தடுக்கிறது என்பதையும், நிலத்தடி நீரையும் அந்தச் சட்டம் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம். வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் ஏற்றதை அவர் மனுவில் எடுத்துக்காட்டியிருந்தார்.

ஆனால் சட்டமும் நோட்டும் இருந்தும், நேரில் கண்ட சாட்சி இல்லாமல் நின்றோம். கழிவு ஏற்றி வந்த லாரியின் ஓட்டுநர் தாமாக முன்வந்து எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தார். அதனால் அவர் வேலை போயிற்று. இப்போது நம் ஊர் அரிசி ஆலையில் வண்டி ஓட்டுகிறார். அவரைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பனிக்காலத்து இரவுகளில் முறை வைத்துக் காவல் இருந்த சுய உதவிக் குழுப் பெண்கள், நேரில் வந்து மாதிரி எடுத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர்கள், அந்தப் போரை அடியிலிருந்து சிமெண்டுக் கலவையால் அடைத்துத் தந்த பேரூராட்சிப் பணியாளர்கள், அதுவரை வீடு வீடாக நல்ல தண்ணீர் ஊற்றிய டிராக்டர்காரர்கள் அனைவருக்கும் நன்றி.

பாறை வெடிப்பில் புகுந்த உப்பு சீக்கிரம் வெளியேறாது. போரை அடைத்த பின் இரண்டு பருவமழை கடந்துதான் கிழக்கு வீதித் தண்ணீர் தேறியது. தெற்கே இரண்டு தோட்டங்களில் கிணறு இன்னும் தேறவில்லை. தென்னைகள் குரும்பையை உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இரு குடும்பத்தாரும் தங்களுக்குப் பலன் கிடைக்காத இந்த வேளையிலும், சனிக்கிழமை தவறாமல் பிள்ளைகளுக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, மோர் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர்களுக்கு இந்த ஊரின் சார்பில் தனியாகக் கைகூப்புகிறேன். அவர்கள் வீட்டுத் தொட்டிக்கு டிராக்டர் தண்ணீர் போவது நிற்காது. அடுத்த அளவு வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எடுக்கப்படும்.

நன்றியுடன்,
செயலாளர், ஊர் நீர்ப் பாதுகாப்புக் குழு