வேக்குவம் பெட்டிக்கு எதற்கு நீலம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். வாசலில் பழைய ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) வகைப் பெட்டி ஒன்றைத் துண்டுத் தண்டவாளத்தின் மேல் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். பளபளவென்று நீலம், ஜன்னல் வரிசையில் வெளிர்நீலப் பட்டை. போகிறவர் வருகிறவர் எல்லாம் செல்ஃபி எடுக்கிறார்கள், பேரனும் எடுத்தான். நான் குனிந்து, பெட்டி முனையில் மோதலைத் தாங்கும் பஃபருக்கு அடியில் பார்த்தேன். 31 வருஷம் கோச் பெயிண்டராக வேலை பார்த்தவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

தொங்கியது ஒரே ஒரு தடித்த ஹோஸ் பைப். அப்படியென்றால் வேக்குவம் பிரேக், அதாவது குழாயில் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி இயக்கும் பழைய முறை. எங்கள் காலத்தில் வந்த, அழுத்தக் காற்றால் இயங்கும் ஏர் பிரேக் பெட்டி என்றால் சிறிய பைப் இரண்டு இருக்கும். நீல வண்ணம் பரவலாக வந்ததே 1990-களில், ஏர் பிரேக் பெட்டியைத் தனியாக அடையாளம் காட்டத்தான். இரண்டையும் ஒரே ரேக்கில், அதாவது ஒரே ரயிலின் பெட்டி வரிசையில், கோக்க முடியாது. யார்டில் தூரத்திலிருந்தே தெரிந்தால் நல்லதுதானே. அதற்கு முன்னால் சாதாரண எக்ஸ்பிரஸ், பாசஞ்சர் எல்லாம் செங்காவிதான். கரிப்புகையும் பிரேக் கட்டைத் தூளும் படிந்தாலும் கண்ணை உறுத்தாத நிறம். ஞாயிற்றுக்கிழமை இலையில் உட்கார்ந்தாலும் என் நகக்கண்ணில் அது இருக்கும். வீட்டில் திட்டு வாங்காத வாரம் கிடையாது.

நீலம் அழகில்லை என்று சொல்லவில்லை. அதையும் நானேதான் அடித்தேன். ஆனால் இந்தப் பெட்டி ஓடிய காலத்தில் நீலம் பார்த்திருக்காது. கதவுக் கீல் ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் பாருங்கள்: மேலே நீலம், அடுத்ததே செங்காவி, அதற்கும் கீழே பட்டி, பிரைமர். துரு சுரண்டாமல், வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் அப்படியே மேலே பூசியிருக்கிறார்கள். கூரை ஓரத்தில் இப்போதே கொப்புளம் கட்டிவிட்டது.

அதைவிட மனசு கஷ்டப்பட்டது பெட்டி எண் இருந்த இடத்தைப் பார்த்துத்தான். வெள்ளை ஸ்டிக்கரில் ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டில் நின்று வெயிலில் பார்த்தால், நீலத்துக்கு அடியில் யாரோ மஞ்சளில் கையால் எழுதிய எண் மேடாகத் தெரிகிறது. 79 என்று ஆரம்பம், அதாவது 1979-இல் கட்டியது. அடுத்த இலக்கம் 4, சாதாரண இரண்டாம் வகுப்பு. கடைசி இரண்டும் புரியவில்லை. 9-இன் வால் அவ்வளவு சுத்தமாக வளைந்திருக்கிறது. எழுதியவர் நல்ல கைக்காரர்.

2018 ஜனவரியோடு பெரம்பூர் ஐ.சி.எஃப். இந்த வகைப் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டது. இனி கழித்துக்கட்டும் பெட்டிகள் பல ஊர் வாசல்களில், உணவகங்களில் வந்து நிற்கும். நீலகிரி மலை ரயிலுக்கு நீலமும் கிரீமும் என்று ஊரே அறிந்து வைத்திருக்கிறது. சாதாரணப் பெட்டிக்குத்தான் கேட்க ஆளில்லை. டெண்டர் விடுகிற அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடத்தைத் தேய்த்து, அடியில் என்ன நிறம் என்று பாருங்கள். பழைய எண்ணைப் படியெடுத்து, அதே இடத்தில் கையால் எழுதச் சொல்லுங்கள்.

வாட்டர் பேப்பர் நானே கொண்டுவருகிறேன்.

– ஓய்வுபெற்ற கோச் பெயிண்டர், அயனாவரம், சென்னை