கறுப்புல நிழல் எங்கடா தெரியும்

டேய் குமரா,

உன் லெட்டரும் ஸ்கெட்சும் வந்துச்சு. அத்தனை வருஷம் எல்லாருக்கும் போர்டு எழுதிட்டு, ஆபீஸ் வேலைன்னு ஓடிப்போனவன், இப்ப சொந்தக் கடைக்கு நானே எழுதறேன்னு திரும்ப பிரஷ்ஷ எடுத்திருக்க பாரு, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பெரியவ காலேஜ் முடிச்சுட்டா, சின்னவன் கம்ப்யூட்டர்ல எழுத்து டிசைன் பண்றேன்னு ராத்திரி பூரா உக்காந்திருக்கான், எனக்குத் தோள்பட்டை வலி மட்டும்தான் விடமாட்டேங்குது, கைய மேல தூக்கியே எழுதுனதுக்கு இப்ப வட்டி கட்டிட்டிருக்கேன்.

சரி ஸ்கெட்சுக்கு வர்றேன். எழுத்துல குறை சொல்ல ஒண்ணுமில்ல, உன் ழ-வோட வால் இன்னும் அப்படியே இருக்கு. ஆனா எழுத்த தனித்தனியா வெட்டி முக்கால் அங்குலம் தூக்கி வெக்கப்போறேன்னு ஓரத்துல எழுதிட்டு, அதுக்குக் கீழ இடப்பக்கமா ஷேடோவும் வரைஞ்சு வெச்சிருக்கியே, அங்கதான் எனக்கு உன்கூட சண்டை. தட்டை போர்டுல நாம ஷேடோ போட்டது எதுக்கு, எழுத்து எழும்பி நிக்கற மாதிரி கண்ண ஏமாத்தத்தானே? இப்ப அது நிஜமாவே எழும்பி நிக்கப்போகுது. வெயில் காலைல ஒரு பக்கம் நிழல் போடும், சாயங்காலம் மறுபக்கம் போடும், நீ வரைஞ்சது மட்டும் நாள் பூரா இடப்பக்கமே நிக்கும். ரெண்டும் ரெண்டு பக்கம் இழுக்கும்போது பாக்கறவனுக்கு என்னமோ சரியில்லன்னு மட்டும் தோணும், என்னன்னு சொல்லத் தெரியாது.

அதவிட முக்கியமா, பின்னணி கறுப்புன்னு போட்டிருக்க. கறுப்புல நிழல் எங்கடா தெரியும்? அவ்வளவு வேலை பண்ணி எழுத்த தூக்கி வெச்சு, அந்த உயரத்த காட்டிக்குடுக்கற ஒரே சாட்சிய நீயே அழிச்சிடற. பின்னணி நடுத்தரமா இருக்கட்டும், மங்கலான பச்சையோ செங்கல் கலரோ, எழுத்து முகம் வெளிர் கிரீம், எழுத்தோட பக்கவாட்டுக்கு அதே கிரீம்ல கொஞ்சம் பழுப்பு கலந்து ரெண்டு மூணு ஷேடு இறக்கி அடிச்சிடு. அப்படி செஞ்சா முகம், பக்கம், நிழல்னு மூணும் தனித்தனியா தெரியும், மேகமூட்டமா இருந்து நிழலே விழாத நாள்லயும் பக்கவாட்டு கலர் எழுத்தப் புடிச்சு நிறுத்தும்.

வெளிர் எழுத்துன்னு நான் அடிச்சுச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் நம்ம எழுத்து. மூணு சுழி ண இருக்கே, அதோட சுழிக்குள்ள இருக்கற ஓட்டைல நிழல் போய் தங்கிடும். எழுத்தும் கறுத்த கலரா இருந்தா ஓட்டையே அடைஞ்சு போன மாதிரி தெரியும், தூரத்துல இருந்து பாத்தா ண ஒரு கட்டியா நிக்கும். மேல வெக்கற புள்ளியும் அப்படித்தான், உச்சி வெயில்ல புள்ளியோட நிழல் எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவுல இருக்கற இடைவெளில விழும், எழுத்து கறுப்பா இருந்தா ரெண்டும் ஒட்டிப்போகும், அதுவே வெளிர் எழுத்துன்னா அந்த நிழலே நடுவுல கோடு போட்டுப் பிரிச்சுக் குடுக்கும். புள்ளிய கோட்டு அகலத்தவிட கொஞ்சம் பெரிசா வெட்டு, தனித்துண்டுங்கறதால முதல்ல விழறது அதுதான், பின் ஆணி மட்டும் போதாது எபாக்சி பசையும் போட்டுடு. ண-வோட சுழிய வெட்டும்போது முதல்ல டிரில்ல ஒரு ஓட்டை போட்டாத்தான் ஜிக்சா ரம்பத்தோட பிளேடு உள்ள போகும், உள்பக்க ஓரத்துக்கு பிரைமர் அடிக்கறது பெரிய தொல்லை, சின்ன பிரஷ்ஷா எடுத்து போர்டுல மாட்டறதுக்கு முன்னாடியே முடிச்சிடு.

மெட்டீரியல் கேட்டிருந்த. எம்டிஎஃப், அதான் மரத்தூள அழுத்தி செஞ்ச பலகை, வேண்டவே வேண்டாம், வெளில வெச்சா ஈரத்துல உப்பிடும். பிளைவுட்னா வெட்டுன ஓரம்தான் தண்ணிய குடிக்கும், முகத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிச்சா ஓரத்துக்கு மூணு தடவைன்னு வெச்சுக்கோ. பிவிசி போர்டு தண்ணிக்கு பயப்படாது ஆனா வெயிலுக்கு பயப்படும், அதுல கறுத்த கலர் அடிச்சு வெயில்ல மாட்டினா சூடேறி வளையும். செதுக்கறதுன்னா எனக்குப் புடிச்சது அந்த ஹை டென்சிட்டி யூரித்தேன்ங்கற கெட்டி ஃபோம் போர்டுதான், இழை கிடையாது, அழுகாது, கத்தி எந்தப் பக்கமும் ஒரே மாதிரி போகும். ஸ்க்ரூ மட்டும் அதுல நிக்காது, பின்னால வேற ஏதாவது கொடுத்துத்தான் மாட்டணும். அது மேல நேரா எனாமல் அடிச்சா காயாம பிசுபிசுன்னு நிக்கும், முதல்ல தண்ணி பேஸ் அக்ரிலிக் பிரைமர், அப்பறம்தான் நம்ம எனாமல்.

தூக்கி வெக்கறதுக்கு பதிலா உள்ள செதுக்கலாமான்னு கேட்டியே, தாராளமா செய்யலாம், ஆனா ஆழத்துக்கு கணக்கு இருக்கு. 60 டிகிரி வி பிட், அதான் வி மாதிரி கூரா செதுக்கற மெஷின் பிட், போட்டா 1 அங்குல அகலக் கோட்டுக்கு கிட்டத்தட்ட 0.87 அங்குலம் உள்ள போகும், 90 டிகிரின்னா அரை அங்குலம் போதும். பலகை கனம் இல்லாம 60ல இறங்குனா பின்பக்கம் வெளில வந்துடும். அதோட வெயிலே படாத சுவர்னா செதுக்கல் மந்தமாத்தான் தெரியும், அங்க பள்ளத்தோட ஒரு சரிவ ஒரு ஷேடு கம்மியா அடிக்கறது நல்லது. ரோம்ல டிராஜன் தூண் அடில இருக்கற எழுத்து, கி.பி. 113ல வெட்டுனது, அதையே முதல்ல தட்டை பிரஷ்ல எழுதிட்டு அப்பறம்தான் உளி வெச்சாங்கன்னு வாதாடினவர் கேட்டிச்ங்கற பாதிரியார், அவர் சிகாகோல போர்டு எழுதின ஆளு. நம்ம ஆளு சொன்னா நம்பித்தானே ஆகணும்!

தங்க ரேக்கு ஆசை இருந்தா ஒரே ஒரு எழுத்துக்கோ பார்டருக்கோ வெச்சுக்கோ. 23 கேரட் நிஜத் தங்கம் கறுக்காது, மேல வார்னிஷும் வேண்டாம், வார்னிஷ் அடிச்சா வெயில்ல அது மஞ்சளாகி உரியறதுதான் மிச்சம். அந்த பித்தளை ரேக்கு சும்மா விட்டா கறுத்துடும், வாங்கும்போது பாத்து வாங்கு.

மாட்டறதுக்கு, எழுத்த வெட்டறதுக்கு வரைஞ்ச அதே பேப்பர சுவத்துல ஒட்டி அது மேலயே டிரில் பண்ணிடு, அளந்து அளந்து வெச்சா ஒரு எழுத்தாவது தூக்கிக்கும். பின்னால ஒரு சென்டிமீட்டர் ஸ்பேசர் வெச்சா மழைத்தண்ணி தங்காம ஓடிடும், நிழலும் இன்னும் நல்லா விழும்.

உயரம் சொல்லாம விட்டுட்ட. 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்துங்கறது தொழில்ல வழக்கமான கணக்கு, எதிர்ப்பக்க நடைபாதை 50 அடின்னா 5 அங்குலத்துக்குக் குறைக்காத, சுழி நிறைய இருக்கறதால நான் 6 போடுவேன். அந்தச் சுவர காலைல, உச்சி வேளைல, சாயங்காலம்னு மூணு போட்டோ எடுத்து அனுப்பு, வெயில் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு பாத்துட்டு முக்கால் அங்குலமா ஒண்ணா முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் அந்தக் கறுப்பு டின்ன திறந்துடாத, மூடி திறந்துட்டா கடைல திருப்பி எடுக்கமாட்டாங்க.

உன் பழைய
செல்வம்