முதல் நூற்றாண்டு மாற்கு: தாஸுக்கு

பாறசாலை

அன்புள்ள தாஸ்,

சுகந்தானே? நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். முதல் நூற்றாண்டு மாற்குச் சுவிசேஷத் துண்டு கிடைத்துவிட்டது என்பது பழைய கதை மக்கா. இந்தப் பக்கம் மலையாளத்தில் சுற்றி ஓய்ந்தது, களியக்காவிளை தாண்டியதும் தமிழில் புதுச் செய்தியாகிவிடுகிறது.

2012இல் ஒரு விவாத மேடையில் அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர் டேனியல் வாலஸ் அதை அறிவித்தார். துண்டு அச்சில் வந்தது 2018இல், எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல்தாள்) பிரதிகளைப் பதிப்பிக்கும் வரிசையின் 83ஆம் தொகுதியில், எண் 5345. பதிப்பித்தவர்கள் சொன்ன காலம் இரண்டாம் நூற்றாண்டின் கடைசி அல்லது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். வாலஸ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். அந்தப் பாதி நம்ம வாட்ஸ்அப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை!

ஆகவே இப்படி ஏதாவது வந்தால் முதலில் எண்ணைத் தேடு. எந்த நூலகத்தில் இருக்கிறது, என்ன எண், எதில் பதிப்பானது? மூன்றும் இல்லையென்றால் பிரசங்கத்தில் எடுக்காதே. கார்பன் சோதனை செய்தார்கள் என்று சொன்னாலும் அசைந்துவிடாதே. வாஷிங்டன் பைபிள் மியூசியத்தில் இருந்த 16 சவக்கடல் சுருள் துண்டுகளும் போலி என்று 2020இல் தெரிந்தது. தோல் பழையது, எழுத்துதான் புதியது. கார்பன் சோதனை தோலின் வயதைத்தான் சொல்லும். கையெழுத்தை வைத்துக் கணிக்கிற காலமும் ஒரே வருஷமாக வராது, பல பத்தாண்டு முன்பின் வரும். 'கி.பி. 125' என்று அடித்துச் சொல்கிறார்களே, மான்செஸ்டரில் உள்ள யோவான் சுவிசேஷப் பாப்பிரஸ் துண்டு பி52, அதற்கும் இதே கதிதான்.

எண் கிடைத்தால் ஜெர்மனியின் மூன்ஸ்டரில் உள்ள புதிய ஏற்பாட்டு ஆய்வு நிறுவனத்தின் கையெழுத்துப் பிரதித் தளத்தில் படத்தையே பார்க்கலாம். பிரதியின் எண்ணோடு பாப்பிரஸுக்கு 10000, தோலில் பெரிய கிரேக்க எழுத்தில் எழுதிய பிரதிகளுக்கு 20000 கூட்டித் தேடு. பி52 என்றால் 10052. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்க பைபிளான சினாய் பிரதி 01, அதனால் 20001. சில படங்கள் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் திறக்கும்.

சினாய் பிரதிக்குத் தனித் தளமே இருக்கிறது. அதில் மாற்கு 16ஐத் திற; 8ஆம் வசனத்தோடு சுவிசேஷம் முடிந்து, கீழே பத்தி வெறுமையாகக் கிடக்கும். வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது. இயேசு, கர்த்தர் போன்ற பெயர்களைச் சுருக்கி எழுதி மேலே கோடு போட்டிருப்பார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பக்கத்தில் உள்ள அச்செழுத்தில் ஒரு வார்த்தையைத் தொடு, படத்தில் அதே இடம் காட்டும். நம்ம பழைய மொழிபெயர்ப்பில் 9 முதல் 20 வரை உண்டு என்பதால் சபையில் கேள்வி வரும், தயாராகப் போ.

கிரேக்க மூலம் மட்டும் போதுமென்றால் 2010இல் வந்த எஸ்பிஎல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அறிஞர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நெஸ்லே-ஆலண்ட் பதிப்பிலிருந்து 540க்கு மேற்பட்ட இடங்களில் வேறுபடும். பிரதிகளுக்கிடையே உள்ள வேறுபாடுகளைக் காட்டும் அடிக்குறிப்பும் எஸ்பிஎல்லில் சிறியது, அதை மட்டும் நம்பி வாதாடாதே. நெட் இல்லாத இடத்துக்கு கேம்பிரிட்ஜ் டின்டேல் ஹவுஸின் ஸ்டெப் பைபிள் மென்பொருள் நல்லது, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டால் போதும்.

கன்வென்ஷனுக்கு முன்னால் இன்னும் ஏதாவது 'கண்டுபிடிப்பு' வந்தால் வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், எண்ணை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
சாமுவேல்